ஐந்து பாட நோட்டு: நான்கு மாதம் எழுதிப் பார்த்த பிறகு

கல்லூரிப் பிள்ளைகள் வாங்குகிற ஐந்து பாட ஸ்பைரல் நோட்டை நான் கதை எழுத வாங்கினேன். ஏ4 அளவு, 300 பக்கம், நடுநடுவே கலர் பிளாஸ்டிக் தடுப்புகள், 190 ரூபாய். ஒரு நாவல், சிறுகதைகள், மலையாளத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பு, அக்கா மகளுக்காகத் தொடங்கிய சிறுவர் கதைகள் என்று கையில் நான்கு வேலை. ஐந்தாவது பகுதி குறிப்புகளுக்கு. எல்லாம் ஒரே நோட்டில் இருந்தால் எதுவும் விட்டுப்போகாது என்று நினைத்தேன்.

தினமும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவள் நான். அட்டையை முழுதாகப் பின்னால் மடித்து மடியில் வைத்து எழுத முடிகிறது. தைத்த நோட்டில் இது நடக்காது. தாளின் கனம் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஜெல் பேனா மறுபக்கம் தெரியவில்லை. இங்க் பேனா கொஞ்சம் ஊறுகிறது. தாளின் பின்பக்கம் எழுதும்போது கம்பி கையில் இடிக்கும், அது பழகிவிடும்.

சிக்கல் தடுப்புகளில்தான். ஒவ்வொரு பகுதிக்கும் சரியாக 60 பக்கம். எழுத்து அப்படியா வளர்கிறது? நாவல் ஆறே வாரத்தில் தன் பங்கைத் தின்றுவிட்டது, மொழிபெயர்ப்பு 11 பக்கத்தில் நின்றது. ஏழாம் அத்தியாயத்தை மொழிபெயர்ப்புக்குப் பின்னாலும் எட்டாவதைக் குறிப்புகளுக்கு நடுவிலும் எழுதினேன். தட்டச்சு செய்ய உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கம் தேடுவதிலேயே போய்விட்டது. துப்பறியும் நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் நோட்டுகள் 73 கிடைத்திருக்கின்றன. அவற்றிலும் ஒரே நோட்டில் பல நாவல்களின் குறிப்புகள் கலந்து கிடக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் குறிப்புகள். நான் அத்தியாயத்தையே அப்படிச் சிதறவிட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஒன்பதாம் அத்தியாயத்தில் நாயகி வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சி எனக்கு வரவே இல்லை. பச்சைத் தடுப்பைப் புரட்டினால் சிறுவர் கதை. வழியில் பாபநாசம் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பக்கம் ஓடிவிடும். இப்படியே மூன்று வாரம். எழுதிக்கொண்டேதான் இருந்தேன் என்பதால், நாவலிடமிருந்து ஓடுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. அந்த வாரங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆறு சிறுவர் கதைகள் முடிந்தன, அக்கா மகள் ஒன்றை மூன்று முறை படிக்கச் சொன்னாள். நாவலில் மட்டும் ஒரு வரி கூடவில்லை.

அப்புறம் 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்றை நாவலுக்கென்றே வாங்கினேன். பரீட்சை அட்டை மேல் வைத்து எழுதுகிறேன். ஐந்து பாட நோட்டு வீட்டு மேசையில் இருக்கிறது, மற்ற மூன்றும் இரவில்தான். ரயிலில் புரட்ட வேறு பகுதி இல்லாமல் இரண்டு நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள், தஞ்சாவூர் வருவதற்குள் அந்தக் காட்சி நாலரைப் பக்கம் வந்தது.

சிறுகதை, கட்டுரை, கவிதை எழுதுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். நீளமாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தால் அதற்குத் தனி நோட்டு போடுங்கள். தடுப்பைக் கழற்றி இடம் மாற்றக்கூடிய வகையும் வருகிறது. கடையில் கேட்டு, திறந்து பார்த்து வாங்குங்கள்.