பறக்கும் பருந்துக்கு 600 பிரைமா, 200-600 ஜூமா?

600 மில்லிமீட்டர் எஃப் 4 பிரைம் லென்ஸை, அதாவது ஜூம் செய்ய முடியாத லென்ஸை, முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்று, தலைக்கு மேலே ஒரு விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பருந்து வகை) நான்கு முறை வட்டமடித்தது. நான்கு முறையும் வியூஃபைண்டரில் எனக்குத் தெரிந்தது வெறும் வானம்தான். லென்ஸ் மேல் குற்றமில்லை. ஃபுல் ஃபிரேம் (36×24 மில்லிமீட்டர் சென்சார்) கேமராவில் 600 மில்லிமீட்டர் காட்டும் அகலம் சுமார் மூன்றரை டிகிரி. கையை நீட்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையுமே, ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தச் சந்துக்குள் பறவையைக் கொண்டுவருவதே முதல் வேலை. ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் அப்புறம்.

200 முதல் 600 வரை திருகி மாற்றக்கூடிய ஜூம் முந்துவது இந்த இடத்தில்தான். 200-இல் வைத்தால் பத்து டிகிரிக்குச் சற்று மேல் தெரியும். பரப்பளவாகப் பார்த்தால் ஒன்பது மடங்கு. பறவையைப் பிடித்து, ஃபோகஸ் ஒட்டிக்கொண்டதும் மெல்ல 600-க்குத் திருகலாம். பறவை நம்மை நோக்கி வந்து சிறகு ஃபிரேமுக்கு வெளியே போகிறதென்றால் அதே திருகலைப் பின்னோக்கிச் செய்தால் போதும். பிரைமில் அந்த வசதி இல்லை. இறக்கை வெட்டுப்பட்ட படம்தான் மிஞ்சும். ஒன்று மட்டும் செய்யலாம்: பறவை வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மரத்திலோ பாறையிலோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைப்பது. தேடும்போது குறைந்தபட்சம் மங்கலான உருவமாவது கண்ணில் படும். ஜூம்காரர்களுக்கும் இது உதவும்.

எடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்றைய 600 எஃப் 4 லென்ஸ்கள் மூன்று கிலோவை ஒட்டி இருக்கின்றன, 200-600 வகை ஜூம்கள் இரண்டு கிலோவை ஒட்டி. ஒரு கிலோதானே என்று தோன்றும். இருபது நிமிடம் வானத்தைப் பார்த்துப் பிடித்துப் பாருங்கள். பிரைமை முக்காலியில் கிம்பல் தலை (கனமான லென்ஸைச் சமநிலையில் ஆட்ட உதவும் தாங்கி) மேல் வைத்தால் தோள் தப்பும். ஆனால் உச்சிக்கு நேர் மேலே வரும் பறவைக்கு, கேமராவுக்கு அடியில் நாம்தான் மண்டியிட வேண்டியிருக்கும்.

சரி, பிரைமுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வெளிச்சம். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது. ஜூமின் எஃப் 6.3-ஐவிட எஃப் 4 ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. விடியற்காலையில் 1/2500 நொடிக்குப் பிரைம் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200 கேட்டால், ஜூம் 8000 கேட்கும். ஐஎஸ்ஓ ஏற ஏறப் படத்தில் இரைச்சல் புள்ளிகள் கூடும். கழுத்து இறகுகளின் நுண்கோடுகள் முதலில் அழிவது அங்கேதான். குவியத்தூரத்தை 1.4 மடங்காக்கும் கன்வெர்ட்டரை இடையில் போட்டாலும் பிரைம் 840 எஃப் 5.6 ஆகிறது. அதையே ஜூமில் போட்டால் எஃப் 9 ஆகிவிடும். ஃபோகஸ் தடுமாற ஆரம்பிக்கும்.

ஆனால் இந்த எஃப் 4 பெருமையில் ஒரு ஓட்டை உண்டு. இருபது மீட்டரில் பறவை இருந்தால், 600 எஃப் 4-இல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் கால் மீட்டர். விராலடிப்பானின் சிறகு விரிப்போ ஒன்றரை மீட்டருக்கும் மேல். அது நம் பக்கம் சாய்ந்து திரும்பினால் கண் கூர்மையாக, சிறகு நுனி பஞ்சாக வரும். அப்போது பிரைம் வைத்திருப்பவரும் திறப்பைச் சுருக்கி எஃப் 6.3-க்கு இறங்கத்தான் வேண்டும். பின்னணி மங்கலும் அப்படியே. பின்னால் மலைச்சரிவோ நாணலோ இருந்தால் பிரைமின் படம் தனியழகு. பின்னால் வெறும் வானம் என்றால்? நீலத்தை எந்த லென்ஸில் மங்கலாக்கினாலும் நீலம்தான்.

இரண்டும் சேர்ந்தே தோற்கும் இடம் ஒன்று உண்டு: முற்பகல் வெப்பம். பருந்தை மேலே தூக்கும் அதே சூடான காற்று, தூரத்துப் படத்தைக் கானல்போல அலைய வைக்கிறது. அப்போது விலையுயர்ந்த கண்ணாடி எதுவும் காப்பாற்றாது. கிட்டே பறப்பவற்றை மட்டும் எடுக்கலாம், இல்லாவிட்டால் பையை மூடிவிடலாம்.

நடுவே மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. 2023-இல் வந்த நிக்கானின் 600 எஃப் 6.3 பிஎஃப் (எடையைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி கொண்ட பிரைம்) ஒன்றரை கிலோகூட இல்லை. ஜூமின் வெளிச்சம், பிரைமின் குறுகிய பார்வை என்று இரண்டு பக்கத்துக் குறையும் அதில் உண்டு. இருந்தாலும் சட்டென்று தூக்கி நீட்ட முடிகிறது என்பதைக் குறைத்துச் சொல்ல முடியாது. மலை ஏறி இறங்குபவர்கள் யோசிக்கலாம்.

பொரி வல்லூறு பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அதைத் துரத்த இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், எனக்குக் கிடைத்த படங்களெல்லாம் அது பாய்வதற்கு முன்னால் எடுத்தவை என்பதுதான் பதில்.

இப்போது என் தோளில் எப்போதும் இருப்பது ஜூம். பறவை எங்கே வரும் என்று ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கு மட்டும் பிரைமை இரவல் வாங்கிப் போகிறேன். கூட்டுக்குப் பக்கத்தில் இல்லை. அங்கே எந்த லென்ஸோடும் நிற்பதில்லை. விராலடிப்பான் மீன் பிடிக்கும் நீர்நிலைதான் அந்த இடம். காற்றும் வெயிலும் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்பேன். மீனோடு எழும் பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்து, அதாவது என் பக்கமாகவே வரும். எழுந்த சில நொடியில், நனைந்த நாய்போல உடம்பை ஒரு உதறு உதறும். அந்தத் துளிகளுக்குப் பின்னால் கரை மங்கலாகக் கரைய வேண்டுமென்றால், அதற்கு எஃப் 4 தான்.