ரெண்டு பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்காதீர்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்திடம் ஒரு டிராவல் ஏஜென்ட் 48,000 ரூபாய் வாங்கினார். வேலை எதையும் செய்யவில்லை. போதாததற்கு, அவர் சொன்ன யோசனையால் எங்கள் அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போக முடியாமல் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நின்றார். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை. அவர் பேசும் பேச்சை மட்டும் எழுதுகிறேன். அதே பேச்சு உங்கள் காதிலும் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். மெல்பர்னில் வேலை. போன வருஷம் ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துவிட்டார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வர வேண்டும் என்று மைனியும் பிள்ளையுமாகக் கிளம்பத் தயாரானார்கள். நம்ம பக்கத்தில் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்குக் குலதெய்வத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த அவசரம் ஏஜென்ட்டுகளுக்கும் நன்றாகத் தெரியும். மைனிக்கும் பிள்ளைக்கும் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக அரசு தரும் அட்டை) முன்னாலேயே இருந்தது, அவர்களுக்குச் சிக்கல் இல்லை. அண்ணனுக்கு மட்டும் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ எடுக்க வேண்டியிருந்தது.

பெரியப்பா ஜங்ஷன் பக்கம் ஒரு ஏஜென்ட்டைப் பார்த்தார். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு வருஷக்கணக்காக டிக்கெட் போட்டுத் தருகிற ஆள், முகம் தெரிந்தவர். "சரண்டர், ஓசிஐ ரெண்டும் நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, தம்பி அங்க ஒண்ணும் அலைய வேண்டாம்" என்றார். பெரியப்பா ஜிபேயில் பணத்தை அனுப்பினார். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்.

இங்கேயே ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவில் குடியிருப்பவர் ஓசிஐக்கு அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை ஒப்படைப்பதும் அங்கேதான். நெல்லையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் அதை முடித்துக் கொடுக்க வழியே கிடையாது. வெளிநாட்டில் வாங்கினால் ஓசிஐக்கு அரசுக் கட்டணம் 275 அமெரிக்க டாலர் அல்லது அந்த நாட்டுப் பணத்தில் அதற்குச் சமமான தொகை. இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் இங்கே விண்ணப்பித்தால் 15,000 ரூபாய். 48,000 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

பயணத் தேதி நெருங்கியதும் பேச்சு மாறியது. "கார்டு வர லேட்டாகும். நீங்க ஏன் கவலப்படுதிய? இந்தியப் பாஸ்போர்ட் 2029 வரைக்கும் இருக்குல்லா. அத ஏன் கொடுக்கீய? வாறப்ப இதக் காட்டுங்க, போறப்ப அதக் காட்டுங்க. நான் எத்தன பேர இப்படி அனுப்பிருக்கேன்!" அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை, ரெண்டு மூன்று தடவை போனில் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான், கூடவே ஒரு சிரிப்பும்.

வரும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இந்த யோசனை உயிரோடு உலவுவதற்குக் காரணமே அதுதான். மெல்பர்னில் விமானக் கம்பெனிக்காரர்கள் இந்தியாவுக்குள் நுழைய என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் முடிந்தது. திருவனந்தபுரத்தில் இந்தியர்கள் வரிசையில் நின்று முத்திரை வாங்கி வெளியே வந்துவிட்டார். கோயில், பொங்கல், சொந்தக்காரர் வீடுகள் என்று நாட்கள் நன்றாகத்தான் போயின.

வம்பு வந்தது திரும்பும்போது. செக்-இன் கவுண்டரில் ஆஸ்திரேலிய விசா கேட்டார்கள். அந்த நாட்டு விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அண்ணன் குடிமகன் ஆனதுமே பழைய நிரந்தர விசா போய்விட்டது. ஆக, இந்தியப் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் எதுவும் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை நீட்டினார், போர்டிங் பாஸ் கிடைத்தது. அடுத்தது இமிகிரேஷன். இந்த ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் இந்திய விசாவும் இல்லை, உள்ளே வந்த முத்திரையும் இல்லை. எப்படி வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். சரி, இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போகும் நாட்டுக்கு விசா இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். மைனியும் பிள்ளையும் உள்ளே போய்விட்டார்கள், அண்ணன் மட்டும் தனி அறையில். விமானம் போய்விட்டது.

இதற்குப் பின்னால் இருக்கிற சட்டத்தைப் பலரும் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். "இந்தியா ரெண்டு குடியுரிமை தராது, ஆனா நாம ஒப்படைக்கிற வரைக்கும் இந்தியர்தானே" என்று எங்கள் சொந்தத்திலேயே படித்தவர்கள் வாதம் செய்தார்கள். அப்படி இல்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை பெற்ற அந்த நிமிஷத்திலேயே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் உறுதிமொழி சொன்ன நாளே கணக்கு. பாஸ்போர்ட்டில் அச்சடித்த 2029-க்கு அதன் பிறகு மதிப்பில்லை. சரண்டர் சான்றிதழ் என்பது முடிந்துபோன ஒன்றைப் பதிவு செய்கிற காகிதம், அவ்வளவுதான். அதனால் அண்ணன் திருவனந்தபுரத்தில் இறங்கியபோது, சட்டத்தின் கண்ணில் அவர் விசா இல்லாமல் வந்த வெளிநாட்டுக்காரர். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிற குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டத்தில் இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, ரெண்டும் சேர்த்தோ விதிக்க இடம் இருக்கிறது. அன்றைக்கு இருந்த அதிகாரிகள் பொறுமையாகக் கேட்டு, அபராதம், பாஸ்போர்ட் ரத்து, இணையத்தில் வெளியேறும் அனுமதி என்ற வழியில் விட்டார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று நான் எழுத மாட்டேன். அபராதம், புது டிக்கெட், அங்கேயே தங்கிய செலவு, வேலையில் போன லீவு எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்தைத் தாண்டியது.

இதில் எனக்கு அதிகக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். அண்ணனுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் கொஞ்சம் வயல் வாங்கிப் போட ஆசை. அது ஏஜென்ட் காதுக்குப் போயிருக்கிறது. உடனே "இந்தியப் பாஸ்போர்ட்ட விட்டா நெலம் வாங்க முடியாது, இருக்கிற சொத்தும் கைய விட்டுப் போயிரும்" என்று பெரியப்பாவைப் பயமுறுத்தி, கூடவே ஒரு நில புரோக்கரையும் அனுப்பி வைத்தார். பாதி உண்மையை வைத்து ஆளை மடக்குகிற வித்தை இது. ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது என்பது சரி. ஆனால் வீடு, பிளாட், கடை வாங்கலாம். அப்பா தாத்தா வழியில் விவசாய நிலம் வாரிசாக வந்தால் அதை வைத்துக்கொள்ளவும் தடை இல்லை. பெரியப்பாவின் வயல் அண்ணனுக்கு வருவதில் ஒரு சிக்கலும் கிடையாது. மாறாக, செத்துப்போன பாஸ்போர்ட்டைக் காட்டி இந்தியர் என்று சொல்லிப் பத்திரம் முடித்திருந்தால் அந்த வயலே வழக்கில் மாட்டியிருக்கும். புரோக்கரின் கமிஷன் மட்டும் பத்திரமாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொன்னார் அந்தப் புண்ணியவான். 2029-ல் காலாவதி ஆகும்போது இங்கேயே ரினிவலுக்குப் போட்டுவிடலாமாம். வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினால் போதுமாம். பெரியம்மா அப்போதே "பொய்க் கையெழுத்தா, அதெல்லாம் வேண்டாம்யா" என்று எழுந்துவிட்டார்கள். 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் குடியுரிமையை மறைத்துப் பாஸ்போர்ட் கேட்பதற்கே ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். பெரியம்மா எட்டாம் வகுப்பு. ஏஜென்ட் பட்டதாரி என்று போர்டில் போட்டிருக்கிறார்.

சம்பவத்துக்கு மறுநாள் நானும் பெரியப்பாவும் கடைக்குப் போனோம். "நான் டிக்கெட் மட்டும்தான போட்டேன், பாஸ்போர்ட் விஷயம் தம்பி முடிவு" என்றார். வாட்ஸாப்பில் அவரே பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். "அது பொதுவாச் சொன்னது" என்றார். பணத்தைக் கேட்டால் "சர்வீஸ் சார்ஜ் திரும்பக் கிடையாது." எந்த சர்வீஸுக்கு என்று பெரியப்பா கேட்டதற்குப் பதில் இல்லை. அப்புறம் போன் எடுப்பதும் நின்றுவிட்டது.

இப்படி அவசரத்தில் மாட்டுகிறவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், வழி சுலபம்தான். ஓசிஐ வர நேரமில்லையா, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் இந்திய இ-விசா எடுத்து வரலாம். ஆஸ்திரேலியா உட்படப் பல நாட்டுக்காரர்களுக்கு அது உண்டு. ஏஜென்ட் அதை அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விண்ணப்பம் போடும்போது முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிற அரசுத் தளமா என்று பாருங்கள், அதே சாயலில் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய. சரண்டர் சான்றிதழையும், ரத்து செய்து திருப்பித் தரும் பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கி எறிய வேண்டாம், ஓசிஐக்கு அவை வேண்டும். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் அதையும் நீக்கிவிட வேண்டும். கடையநல்லூர்ப் பக்கம் சிங்கப்பூர், மலேசியாவில் குடும்பம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த ரெண்டு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அதனால் பிடி ரெண்டு பக்கமும் இருக்கும்.

திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்களிடம் இருக்கிற ஆதாரம் ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், அந்த விசிட்டிங் கார்டு. "எத்தன பேர அனுப்பிருக்கேன்" என்று அவரே சொன்னார் அல்லவா, அந்த எத்தனை பேரில் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். பணம் அனுப்பிய விவரத்தை அழித்துவிடாதீர்கள்.