அழுதாலும் தூக்காதே: 6 யூரோவுக்கு ஒரு குழந்தை வளர்ப்புக் கையேடு

பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் 6 யூரோ கொடுத்து வாங்கினேன். யோஹன்னா ஹாரர் எழுதிய ‘ஜெர்மானியத் தாயும் அவளது முதல் குழந்தையும்’. முதலில் வந்தது 1934-இல், என்னிடம் இருப்பது போருக்கு முந்தைய அச்சு. முதுகு கொஞ்சம் கிழிசல், கட்டு இன்னும் கெட்டி.

ஹாரர் குழந்தை மருத்துவர் கிடையாது, நுரையீரல் மருத்துவர். அப்படியிருந்தும் நாஜிகள் நடத்திய தாய்மார் வகுப்புகளில் இவர் புத்தகம்தான் பாடம்.

குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது பற்றியெல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அழுகைக்கு வரும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் தாயிடம் கொடுக்காமல் தனியே படுக்க வைக்க வேண்டுமாம். அப்புறம் பால், அதுவும் மணி பார்த்துத்தான். அழுகிறதா, துணி நனைந்திருக்கிறதா பார், வெறும் ரப்பர் நிப்பிளைச் சூப்பக் கொடு, அதற்கும் அடங்கவில்லை என்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொள், தூக்காதே, ஆட்டாதே, மடியில் போடாதே, இடம் கொடுத்தால் வீட்டையே ஆட்டிப்படைக்கும் குட்டிக் கொடுங்கோலன் ஆகிவிடும் என்கிறார். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான், இங்கே அழுத பிள்ளைக்குத்தான் பால் இல்லை!

சரி, எல்லாவற்றையும் ஹிட்லர் தலையில் கட்டிவிடவும் முடியாது. 1858-லேயே லைப்சிக் நகரத்து மருத்துவர் ஷ்ரேபர், காரணமில்லாத அழுகையை ஓரிரு முறை கண்டிப்போடு அடக்கிவிட்டால் என்றைக்கும் நீங்கள்தான் எஜமான் என்று எழுதியவர். செல்லம் கொடுத்தால் கெட்டுவிடும் என்ற அந்தப் பழைய பயத்துக்கு ஹாரர் சீருடை மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

போர் முடிந்ததும் தலைப்பில் ‘ஜெர்மானிய’ போயிற்று, நாஜி வரிகள் போயின, புத்தகம் மட்டும் போகவில்லை. 1987 வரை பதிப்பு வந்தது, மொத்தம் சுமார் 12 லட்சம் பிரதிகள்.

வரலாற்றுக்காக வாங்குகிறவர்களுக்கு ஐந்துக்கு நான்கு. பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுப்பதற்குப் பூஜ்யம்.

கடைசித் தாளில் யாரோ பென்சிலால் 6, 10, 2, 6, 10 என்று பால் நேரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், இரவு பத்துக்கு அப்புறம் விடியும்வரை ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே 3 என்று எழுதி அழித்த தடம், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது.