ஓடைக்கரைப் புல்தரைக்கு எந்த உரத்தூவி ஏற்றது?

புல்தரைக்குக் குருணை உரம் இடும் தள்ளுவண்டியை வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் நிலத்தின் பரப்பளவை மட்டும் மனத்தில் கொண்டு செல்கிறார்கள். அதைவிட முதன்மையான கேள்வி, அந்தப் புல்தரை எங்கே முடிகிறது என்பதாகும். ஓரத்தில் ஓடை இருக்கிறதா, பூப்பாத்தி இருக்கிறதா, கான்கிரீட் நடைபாதை இருக்கிறதா என்பதைப் பொறுத்தே ஒரே கருவி ஒரு வீட்டில் பாதுகாப்பானதாகவும் மறுவீட்டில் தொல்லையாகவும் அமைகிறது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2011-இல் இயற்றிய உரச் சட்டம் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது. நீர்நிலையிலிருந்து 25 அடிக்குள் உரமிடக் கூடாது என்பது அச்சட்டத்தின் பொது விதி. ஆனால் உரத்தை நேராகக் கீழே விடும் டிராப் ஸ்ப்ரெடரையோ, சுழற்றி வீசும் வகையான ரோட்டரி ஸ்ப்ரெடரில் பக்கத் தடுப்புத் தகடு பொருத்தியதையோ பயன்படுத்துவோர் 10 அடி வரை நெருங்கலாம். புல்தரைகளிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட தழைச்சத்து (நைட்ரஜன்) பார்னகட் விரிகுடா போன்ற நீர்நிலைகளில் பாசியைப் பெருக்கியதே இக்கட்டுப்பாட்டின் பின்னணி.

ரோட்டரி வகையில், பெட்டியின் அடியில் சுழலும் தட்டு குருணைகளை விசிறி எறிகிறது; ஒரே நடையில் பல அடி அகலம் உரம் பெறுகிறது. வீச்சின் நடுவில் அடர்த்தியாகவும் ஓரங்களில் நலிந்தும் விழுவதால், அடுத்தடுத்த நடைகள் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படிய வேண்டும். அதில் சிறு பிழை நேர்ந்தாலும் புல்லில் பெரிதாகத் தெரியாது என்பது இதன் பெருந்தன்மை. குறை என்னவென்றால், எறியப்பட்ட குருணைக்கு வேலி தெரியாது. காற்றடிக்கும் நாளில் அது பூப்பாத்திக்கும் சாலைக்கும் சேர்ந்தே போகிறது. வெறும் உரமாக இருந்தால் பெருக்கி எடுத்துவிடலாம். களைக்கொல்லி கலந்த உரமாக இருந்தால், அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் அதே மருந்து அகன்ற இலையுள்ள பூச்செடிகளையும் விட்டுவைப்பதில்லை.

டிராப் வகை நேர்மாறானது. பெட்டியின் அடித் துளைகள் வழியாக, சக்கரங்களுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டடி அகலத்தில் மட்டும் உரம் நேராகக் கீழே விழுகிறது. நடைபாதையை ஒட்டி நடந்தாலும் ஒரு குருணைகூட வெளியே சிதறாதபடி பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் இது மன்னிக்காத கருவி. இரண்டு நடைகளுக்கிடையே சிறிது இடைவெளி விட்டால் வெளிறிய பட்டை தெரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கருகிய பட்டை தெரியும். சென்ற முறை யார் தள்ளினார்கள் என்பதை மாதக்கணக்கில் புல்தரையே காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். களைக்கொல்லி கலந்த உரம் இலையில் ஒட்டிக்கொள்வதற்காகப் பனி ஈரத்தில் இடப்படுகிறது. ஆனால் தரையை ஒட்டிச் செல்லும் டிராப் பெட்டியின் துளைகள் ஈரப்புல்லில் எளிதில் அடைத்துக்கொள்கின்றன. பூப்பாத்தியைக் காக்கும் கருவி அந்த வேலைக்கு ஒத்துழைப்பதில்லை. ஒத்துழைக்கும் கருவியோ பூப்பாத்தியைக் காப்பதில்லை. அத்தகைய உரத்தைப் பாத்திகளுக்கு அருகில் தவிர்த்துவிட்டு, அங்கே களையைக் கையால் பிடுங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கையில் பிடித்துச் சுற்றும் சிறு தூவி சிறிய புல்தரைக்குப் போதும். ஆனால் அது முகத்துக்கு அருகில் தூசு கிளப்புவதால் முகக்கவசமும் கண்ணாடியும் இன்றி அதைச் சுற்றக் கூடாது. ஊரில் வயலுக்கு யூரியா வீசிப் பழகிய கை இருந்தால் கருவியே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் நியூ ஜெர்சிச் சட்டப்படி 1,000 சதுர அடிக்கு ஒரு முறையில் 0.9 பவுண்டு தழைச்சத்துக்கு மேல் இடக் கூடாது என்ற அளவுக்குள் கை நிற்பது கடினம். 32 விழுக்காடு தழைச்சத்துள்ள உரத்தில் அது 2.8 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.3 கிலோ மட்டுமே.

எந்த வண்டியானாலும் உரத்தைப் புல்லின் மேல் நின்று நிரப்பக் கூடாது. சிந்திய இடம் கருகிவிடும். கான்கிரீட் தளத்தில் வால்வை மூடி வைத்து நிரப்பி, சிந்தியதைப் பெருக்கிப் பையிலேயே போட்டுவிட வேண்டும். நீரடித்துக் கழுவித் தள்ளினால் அது மழைநீர் வடிகால் வழியே நேரே ஓடைக்குச் செல்லும். இரும்புச்சத்து கலந்த உரமாயின் தளத்தில் துருக்கறையும் படியும். வண்டி நகரத் தொடங்கிய பிறகே வால்வைத் திறந்து, நிற்பதற்கு முன்பே மூட வேண்டும். பாதி அளவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை தள்ளினால் பட்டை விழுவது குறையும். கனமழை வரும் என்று வானிலை அறிவிப்பு சொல்லும் நாளில் நியூ ஜெர்சியில் உரமிடுவதே சட்டவிரோதம்.

ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது தடுப்புத் தகடுள்ள ரோட்டரியைத்தான். புல்தரையின் நீளமான ஓரம் ஓடையாகவே இருந்தால் மட்டும் டிராப் வகையை வாங்கலாம். மெதுவாக நடக்கப் பொறுமை இருந்தால் போதும்.