லைக்கன் பேரினம்: கண்ணை நம்புவதா, டிஎன்ஏவையா?

சேர்த்து வைத்திருந்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) மாதிரிகளின் உறைகளுக்குப் புதிதாகப் பெயர் எழுத உட்கார்ந்தபோது, பழையபடி உருவமும் வேதிப்பொருளும் பார்த்துப் பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) போடுவதா, டிஎன்ஏ ஆய்வுகள் சொல்லும் பேரினத்தைப் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் டிஎன்ஏ கட்சி. நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

கண்ணால் பார்க்கும் முறை மலிவு, வேகம், அதில் சந்தேகமே இல்லை. ஆரஞ்சு நிறக் கிண்ணத்தின் (ஸ்போர் என்ற நுண்வித்து உருவாகும் இடம்) மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் ஊதாச் சிவப்பாகும். பிளேடால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு அறைகளும் தடித்த நடுச்சுவரும் அதற்குள் ஒரு மெல்லிய வாய்க்காலுமாக ஸ்போர் தெரியும். சரி, கலோப்ளாகா பேரினம். ஆனால் 2013இல் ஆருப், சோக்டிங், ஃப்ரோடன் மூவரும் டிஎன்ஏவை வைத்து அந்தக் கூட்டத்தைப் பிரித்தபோது கலோப்ளாகா மரீனா ஃபிளாவோப்ளாகாவுக்கும், கலோப்ளாகா ஃபிளாவெசென்ஸ் வேரியோஸ்போராவுக்கும் போய்விட்டன. அதே ஊதா, அதே மாதிரி ஸ்போர், பரிணாம மரத்தில் கிளை மட்டும் வேறு.

டிஎன்ஏ வந்தால் உடைப்பது மட்டும்தான் வேலை என்றும் இல்லை. உஸ்னிக் அமிலத்தால் மஞ்சள் பச்சையாக இருப்பவை சாந்தோபார்மீலியா, பழுப்பாக இருப்பவை நியோஃபுசெலியா என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். 2004இல் இரண்டும் ஒன்றாயின. மேல்தோலின் நிறத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே மரியாதை கொடுத்துவிட்டோம் போல.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். உருவத்தை மட்டும் நம்பினால் பேரின எல்லை நகரும்போதெல்லாம் உறையைப் பிரித்து, மறுபடி ஒரு கிண்ணத்தைச் சீவ வேண்டும், சின்ன மாதிரி என்றால் நாலு தடவையில் கிண்ணமே மிஞ்சாது. ஐடிஎஸ் (பூஞ்சைகளை அடையாளம் காணப் பயன்படும் ஒரு சிறு டிஎன்ஏ பகுதி) வரிசையை ஒரு தடவை எடுத்துப் பதிந்துவிட்டாலோ, அடுத்த மாற்றம் வரும்போது கணினியிலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம், உறையைத் தொடவே வேண்டாம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. ஒரு தடவை, லைக்கன் மேல் ஒட்டி வாழ்ந்த வேறொரு பூஞ்சையின் வரிசை எனக்கு வந்துவிட்டது. உருவம் பார்த்திருந்ததால்தான் பிடிபட்டது. அப்புறம், ஐடிஎஸ் சிற்றினத்துக்கு நன்றாக உதவும், பேரினக் கிளைகளை உறுதிசெய்யப் பல மரபணுக்கள் வேண்டும். கிளையின் வயதை மட்டும் வைத்துப் பேரினம் என்று கோடு கிழிக்கும் யோசனை எனக்கு ஒட்டவில்லை. நான் கையாண்டதும் கலோப்ளாகா, சாந்தோபார்மீலியா ஆகியவற்றின் இரண்டு குடும்பங்களைத்தான், மற்றவற்றுக்கு இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது உறைகளைச் சிற்றினப் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கிறேன். நியோஃபுசெலியா புல்லா, சாந்தோபார்மீலியா புல்லா ஆனாலும் அதன் இடம் மாறவில்லை. பேரினத்தை மட்டும் பென்சிலில் எழுதுகிறேன்.