கிட்டார் ஸ்ட்ராப்: தலையில் கட்டுவதா, ஹீலில் மாட்டுவதா?

பெரும்பாலான அகூஸ்டிக் கிட்டார்களில் அடிப்பக்கம் ஒரு பின் (சிறு குமிழ்) இருக்கும். தோளில் மாட்டும் ஸ்ட்ராப்பின் ஒரு முனை அதில் போய்விடும். மறுமுனைக்கு இடம் எது என்பதில்தான் வாக்குவாதம். கிட்டாரின் தலையான ஹெட்ஸ்டாக்கில் கயிறு போட்டுக் கட்டு என்பது ஒரு கட்சி. கழுத்தும் உடலும் சேருகிற ஹீலில் பட்டன் போடு என்பது இன்னொரு கட்சி. நின்றுகொண்டு வாசிப்பவர்களுக்கு நான் ஹீலைத்தான் சொல்வேன். அதற்காக ஹெட்ஸ்டாக்கில் கட்டுவதைப் பற்றிக் கிளப்பிவிடும் பயத்தை எல்லாம் நம்பத் தேவையில்லை.

"கழுத்து வளைந்துவிடும்" என்பது அதில் முதல் பயம். லைட் கேஜ் (மெல்லிய ரக) ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கிட்டாரின் மொத்த எடையோ 2 கிலோ சொச்சம். அந்த இழுவைக்குத் தாக்குப்பிடிக்கும் கழுத்து, ஸ்ட்ராப்பில் தொங்குவதால் கெட்டுப்போகாது. கட்டுகிற விதம் மட்டும் முக்கியம். நட்டுக்கும் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதிந்திருக்கும் சிறு கட்டை) முதல் ட்யூனிங் கீகளுக்கும் நடுவில், கம்பிகளுக்கு அடியில் கயிறு நுழைந்து வரவேண்டும். கம்பிக்கு மேலாகச் சுற்றினால் அது கம்பியை அழுத்தி, ட்யூனிங்கை ஓயாமல் கெடுக்கும். பழைய ஷூ லேஸே இதற்குப் போதும். துளை போடவேண்டாம், பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடலாம். இடது கையை எடுத்தாலும் கழுத்து கீழே சரியாது என்பது இன்னொரு வசதி.

உண்மையான தொல்லை இடது கைக்குத்தான். முதல் ஃப்ரெட்டில், அதாவது நட்டுக்கு அடுத்த கட்டத்தில், எஃப் கார்டு பிடிக்கப் போகும்போது முடிச்சும் ஸ்ட்ராப்பும் ஆள்காட்டி விரலருகே வந்து நிற்கும். கழுத்தை உயர்த்திச் சாய்த்து வாசிக்க நினைத்தால் ஸ்ட்ராப் தளர்ந்து தொங்கும். உட்கார்ந்து வாசித்து, எப்போதாவது எழுந்து நிற்பவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. இரவல் கிட்டாருக்கும் துளை போட மனசு வராத பழைய கிட்டாருக்கும் இதுவே சரி.

ஹீல் என்று முடிவானால், ஹீலில் எந்தப் பக்கம்? பலர் யோசிக்காமல் பின்புறத் தொப்பியில், அதாவது வயிற்றைப் பார்க்கும் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து இழுக்கும்போது கிட்டாரின் முகம் முன்னால் கவிழப் பார்க்கும். வாசிக்கும் நேரமெல்லாம் வலது முழங்கையால் அதை அணைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தடித்த கம்பி இருக்கும் மேல்பக்கத்தில் போட்டால், உடலை ஒட்டிய மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போகும்போது கட்டைவிரல் பட்டனில் இடிக்கும். என் ஓட்டு மெல்லிய கம்பி இருக்கும் பக்கத்துக்கு, அதாவது தரையைப் பார்க்கும் பக்கத்துக்கு. ஸ்ட்ராப் ஹீலின் பின்னால் சுற்றி வருவதால் கிட்டார் நெஞ்சோடு ஒட்டி நிற்கும். அந்தப் பக்கத் தோள் வெட்டப்பட்ட கட்அவே கிட்டாரில் மட்டும் யோசிக்கவேண்டும். அங்கே கை நுழைகிற வழியே அதுதான். துளை போடுமுன் பட்டனை டேப்பால் ஒட்டி வைத்து, மேல் ஃப்ரெட் வரை கையை ஓட்டிப் பாருங்கள்.

துளை என்றதும் கை நடுங்கினால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம். வாரண்டி இருக்கும் கிட்டாருக்கு முதலில் அதன் விதிகளைப் படிப்பது நல்லது. நீங்களே செய்வதாக இருந்தால் ஸ்க்ரூவைவிடச் சற்று மெல்லிய பிட்டால் பைலட் துளை (ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் சிறு துளை) போடுங்கள். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ மரையில் மெழுகு தடவினால் மரம் பிளக்காமல் இறங்கும். பட்டனுக்கு அடியில் ஃபெல்ட் வாஷர் வேண்டும். போல்ட் போட்டு மாட்டிய கழுத்து என்றால் ஹீலுக்குள் உலோகம் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டிரில்லை எடுக்காதீர்கள். உடலின் பக்கப்பலகையில் துளைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். அது சுமார் 2 மில்லிமீட்டர் பலகை, ஸ்க்ரூ பிடிக்காது.

கிளாசிக்கல் கிட்டார் இந்தக் கணக்கில் வராது. அதில் பெரும்பாலும் அடிப்பக்கப் பின்னே இருக்காது.

அப்புறம், எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அடிப்பக்கப் பின்னை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பல கிட்டார்களில் அது ஸ்க்ரூ இல்லாமல், வெறுமனே துளையில் இறுக்கிச் செருகியதுதான். நாளடைவில் தளரும், ஒருநாள் ஸ்ட்ராப்போடு கையில் வந்துவிடும். பிக்கப் ஜாக்காகவும் (ஒலிபெருக்கிக்குப் போகும் கேபிளைச் செருகும் இடம்) பயன்படும் பின் சற்றுத் தடிமனாக இருக்கும். அதில் புது ஸ்ட்ராப்பின் துளை அரைகுறையாக ஏறி நிற்கும். முழுக்க உள்ளே போனதா என்று பார்த்த பிறகு கையை விடுங்கள்.