பள்ள வயலுக்கு எந்தத் தீவனம்? நேப்பியர், சோளம், குதிரைவாலி

ஐப்பசி, கார்த்திகையில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்தால் திரும்பின இடமெல்லாம் பச்சை. ஆனால் மாட்டுக்குப் போட ஒரு கட்டுப் புல் சேராது. வயலெல்லாம் சம்பா, வரப்பு வரைக்கும் தண்ணீர். தையில் போட்ட வைக்கோல்போரும் அடி தட்டியிருக்கும். அந்த இரண்டு மாதத்தை நினைத்துத்தான் இந்த ஒப்பீடு.

விளைச்சல் என்று பார்த்தால், கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உண்டாக்கிய கம்பு நேப்பியர்தான். கோ 4 ரகம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன் வரை தரும். தண்டுக் கரணை ஊன்றி 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒன்று. மேட்டுக் கொல்லையும் போர்த் தண்ணீரும் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். கூடவே பயறு வகைத் தீவனமான வேலிமசாலும் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் மட்டும் தூர் அழுகிவிடும்.

தீவனச் சோளத்தில் கோ எஃப்எஸ் 29 ரகம் விதையில் வருவது, பலமுறை அறுக்கலாம். ஆனால் இளம்பயிரில், அதுவும் வாடித் துளிர்த்ததில், சயனைடு நஞ்சு இருக்கும். மாடு அவிழ்த்துக்கொண்டு போய் மேய்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சிறுதானியமான குதிரைவாலியில் அந்த நஞ்சுப் பயம் இல்லை. ஈரத்தையும் தாங்கும். ஜப்பானின் வடகிழக்கில் கோடையிலேயே குளிரடித்து நெல் பதராகிப் போன ஆண்டுகளில் சோறு போட்டது அங்கத்திய குதிரைவாலிதான். பிறகு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதையே தீவனமாக விதைத்தார்கள். குளிர்நாட்டுக்கு ரகம் எடுப்பவருக்கு, சில்லிட்ட மண்ணில் முளைக்க வேண்டும், உறைபனிக்கு முன்னால் விதை முற்ற வேண்டும். நீண்ட கோடைப் பகல் பூப்பதைத் தள்ளிப்போடும் என்பதால் சீக்கிரம் பூப்பதைத் தேடுவார். நமக்கு நேர்மாறு. கார்த்திகையின் குறுகிய பகலில் இலை கட்டுமுன்பே கதிர் தள்ளிவிடும். தாமதமாகப் பூக்கிற, இலை மிகுந்த செடிதான் இங்கே வேண்டும். பூ மிகச் சிறியது, தன் மகரந்தத்திலேயே சூல் கொள்வது. இரண்டு ரகத்தைக் கலந்து புது ரகம் உண்டாக்குவது கடினம். அதனால் நல்ல செடியாகப் பார்த்துப் பார்த்து விதை எடுப்பதுதான் நடைமுறை வழி.

மாமாவிடம் சொன்னேன். "களையை விதை போட்டு வளர்க்கச் சொல்றியா தம்பி?" என்றார். அவர் பயம் நியாயமானது. நடவு வயலில் நெல்லோடு நெல்லாக ஒளிந்து நிற்பது இதன் இனம்தானே! இலை தண்டைத் தொடும் இடத்தை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்: நெல்லுக்கு வெள்ளைச் சவ்வாக ஒரு நாக்கு இருக்கும், குதிரைவாலி இனத்துக்கு அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். குதிரைவாலி விதை கொட்டினால் அடுத்த குறுவையில் களையெடுக்கும் கூலி எகிறும். நேப்பியர் விதை பிடிக்காத மலட்டுப் பயிர், அதில் இந்தத் தொல்லை கிடையாது.

ஆனாலும் தண்ணீர் நிற்கிற பள்ள வயலில் மற்ற இரண்டும் நிற்காதே. புரட்டாசியில், மழைக்கு முன்னே விதைத்துவிட்டு, கதிர் எட்டிப் பார்க்குமுன் அறுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்து, மாமாவிடம் 20 குழி நிலம் மட்டும் கேட்டிருக்கிறேன்.